வால்வும் கிதாரும்

மாணவர்களே, கிதாரின் ஒலியைப் பெருக்கும் கருவியைக் குறித்து இன்று சில கூற விழைகிறேன். கம்பியதிர்வால் எழும் மின்னலை மிகச் சிறியது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்குவது வால்வு. பழைய வானொலிப் பெட்டிக்குள் தணலாக ஒளிர்ந்ததும் அதுவே.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில், வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் லியோ பெண்டர். 1950-களில் அவர் செய்த பெருக்கிகள் ‘ட்வீட்’ எனப்படும் துணி போர்த்தவை. ஒலியை மிகக் கூட்டினால் வால்வு தன் எல்லையை எட்டி, அலையின் முகடுகளை மழுக்கிவிடும், ஒலி கரகரக்கும். பொறியியல் நோக்கில் இது குறையே. இசைவாணர்களோ அதில் உயிரைக் கண்டனர்.

1960-களின் நடுவில் வந்த கருமுகப் பெருக்கிகள் தெளிவு மிக்கவை. 1965-இல் நிறுவனம் சி.பி.எஸ். வசமாயிற்று. 1968 முதல் முகப்பு வெள்ளி நிறம் பெற்றது. கரகரப்பைக் குறைக்கவெனச் சில மாதிரிகளின் மின்சுற்றுகளும் திருத்தப்பட்டன. திருத்துவதே தொழிலாக வாழ்ந்தவன் நான். எனினும் இவ்வழக்கில் இசைவாணர் பக்கமே நிற்பேன். அத்திருத்தங்களை நீக்கிப் பழைய அமைப்புக்கு மாற்றித் தருவோர் இன்றும் உளர்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், பெண்டரின் ‘பாஸ்மேன்’ சுற்றைப் பின்பற்றி 1962-இல் தம் முதற் பெருக்கியைச் செய்வித்தார். நாளடைவில் அந்நாட்டு வால்வுகளும் மின்மாற்றிகளும் அதில் இடம்பெற்றன. சுற்று ஏறக்குறைய ஒன்றே, ஒலியோ வேறாயிற்று. 1966-இல் ஜான் மேயால் குழுவினருடன் எரிக் கிளாப்டன் இசைத்தட்டுக்கு வாசித்தபோது, மார்ஷல் பெருக்கியை உரத்து முழங்கவிட்டு, அந்தக் கரகரப்பையே இசையாக்கினார்.