ஒரே பை, ஒரே பாதை. சம்பளம் மட்டும் ஏன் பலவிதம்?

(மும்பையில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அப்பன்மாரும் பாட்டன்மாரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, தாராவியில் தோல் ஷாப்பிலும், நகரசபையிலும், ரயில்வேயில் கலாசியாகவும் உழைத்தார்கள். அவர்கள் கைரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களுடைய பேரன்மார் பி.எஸ்ஸி., பி.ஃபார்ம். படித்து, சட்டையை உள்ளே விட்டு, கையில் தோல் பையோடு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மருந்துக் கம்பெனி ரெப், ஆபரேஷன் கருவி விற்கிறவன், லேபுக்கு ரசாயனம் விற்கிறவன் என்று நம் சாலுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் இந்தப் பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றி இதுவரை நாம் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. டை கட்டியவன் தொழிலாளி அல்ல என்று நாமே நினைத்துவிட்டோம். அது நம் தவறு. அதை முதலில் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம்.

நாம் ரயில்வே குமாஸ்தாக்கள். நம் சம்பளத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, பஞ்சப்படி இவ்வளவு, வீட்டு வாடகைப்படி இவ்வளவு என்பது பக்கத்து மேஜைக்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். பல ஆண்டுகளாக 78 நாள் போனஸ் என்றால் எல்லோருக்கும் 78 நாள்தான். இது சும்மா வந்ததல்ல. 1974 மே மாதம் இருபது நாள் நம் மூத்தவர்கள் வண்டியை நிறுத்திச் சிறைக்கும் போனார்கள். அவர்கள் கேட்ட போனஸ் 1979இல்தான் வந்தது.

ரெப் வேலை அப்படியல்ல. ஒரே கம்பெனி, ஒரே பை, ஒரே லோக்கல் வண்டி. இரண்டு பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்கு மாதம் நாற்பதாயிரம், மற்றவனுக்கு இருபத்திரண்டாயிரம். யாருக்கு எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவைத்திருப்பார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், சம்பளம் இரண்டு துண்டாக இருப்பது. ஒன்று நிலையான துண்டு. மற்றது விற்பனையைப் பொறுத்த இன்சென்டிவ் அல்லது கமிஷன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாத டார்கெட் ஐந்து லட்சம், நூற்றுக்கு 95 எட்டினால்தான் இன்சென்டிவ், அது எட்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் விற்றவனுக்கு எட்டாயிரம் கிடைக்கும். நாலு லட்சத்து எழுபதாயிரம் விற்றவன் நூற்றுக்கு 94தான் எட்டியிருக்கிறான். அவனுக்கு ஒரு பைசாவும் இல்லை. இருவருடைய செருப்பும் ஒரே அளவுதான் தேய்ந்தது. விற்பனையில் வித்தியாசம் முப்பதாயிரம். அதற்காக ஒருவன் வீட்டு அடுப்பில் எட்டாயிரம் குறைகிறது. எட்டியவனுக்கும் நிம்மதியில்லை. அடுத்த வருஷம் அவன் டார்கெட் ஆறு லட்சமாகிவிடும்.

இரண்டாவது காரணம், விற்கிற பொருள். சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை விற்கிறவனுக்குப் பன்னிரண்டு மாதமும் விற்பனை ஏறக்குறைய ஒரே சீராக ஓடும். நோயாளி நிறுத்தாமல் வாங்குகிற மருந்து அது. காய்ச்சலுக்கும் தொற்றுக்கும் மருந்து விற்கிறவனுக்கு மழைக்காலம் அறுவடை, கோடை பஞ்சம். பெரிய கருவி விற்கிறவன் கதை வேறு. ஆஸ்பத்திரி ஒரு மெஷினை வாங்க மாதக்கணக்கில் யோசிக்கும். வாங்கிய பிறகும், பில் பணம் வந்தால்தான் கமிஷன் என்று பல கம்பெனிகளில் விதி. ஆஸ்பத்திரி பணத்தை இழுத்தடித்தால் நம் பையன் வீட்டில் வாடகை நின்றுபோகும்.

மூன்றாவது காரணம், பையனின் கையில் இல்லாத காரணம். 2017 பிப்ரவரியில் அரசு இருதய ஸ்டென்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் நிர்ணயித்தது. ஏழை நோயாளிக்கு அது நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆனால் டார்கெட்டை ரூபாயில் வைத்திருக்கிற இடத்தில் விலை குறைந்தால், அதே எண்ணிக்கை விற்றாலும் டார்கெட் எட்டாது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன்பே ஸ்டாக்கிஸ்டுகள் புதுச் சரக்கு எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இதில் ரெப்பின் குற்றம் என்ன? லாபம் வரும்போது அது கம்பெனியின் திறமை, நஷ்டம் வரும்போது அது ரெப்பின் சோம்பல். இந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நான்காவது காரணம், வேலைக்கு எடுத்த விதம். சங்கம் வலுவாக உள்ள கம்பெனியில் ஒப்பந்தம் போட்டுப் பஞ்சப்படியோடு சம்பளம் தருகிறார்கள். அதே தெருவில் இன்னொரு கம்பெனி, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி பேரில் எடுக்கிறது. அங்கே சம்பளம் தருகிறவன் ஒருவன், வேலை வாங்குகிறவன் ஒருவன். கேள்வி கேட்டால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கையைக் காட்டுவார்கள்.

தாய்மார்களே, இது உங்களுக்குச் சொல்வது. பெண் கேட்டுப் போகும்போது, பையனுக்கு நாற்பதாயிரம் சம்பளம் என்கிறோம். எந்த மாதத்துச் சம்பளம் அது? தீபாவளி மாதத்துச் சம்பளமா, ஏப்ரல் மாதத்துச் சம்பளமா? நல்ல மாதத்தைப் பார்த்துக் கடன் வாங்கினால், கெட்ட மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும்.

கையில் வாங்கும் தொகை சமமாக இருந்தாலும் வாழ்க்கை சமமாக இருக்காது. இரண்டு பேர் ஆளுக்கு முப்பதாயிரம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு அடிப்படைச் சம்பளம் இருபதாயிரம், வாடகைப்படியும் கமிஷனும் சேர்ந்து பத்தாயிரம். இளையவனுக்கு அடிப்படை ஒன்பதாயிரம்தான், மீதி இருபத்தோராயிரம் படியும் கமிஷனும். பத்து வருஷம் கழித்து இருவரும் வேலையை விட்டால், பழைய கிராஜுவிட்டிச் சட்டக் கணக்குப்படி மூத்தவனுக்கு ஏறக்குறைய 1,15,000 ரூபாய்; இளையவனுக்கு 52,000 ரூபாய்கூட முழுதாக வராது. கமிஷன் அந்தக் கணக்கில் சேராது என்பதுதான் காரணம். பிராவிடண்ட் ஃபண்டிலும் இளையவன் பெயரில் குறைவாகவே சேரும்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1961இல் உச்ச நீதிமன்றம், விற்பனைப் பிரதிநிதி அன்றைய தொழில் தகராறுச் சட்டப்படி தொழிலாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. ரெப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் வந்தது. அதிலும் மாதம் 750 ரூபாய்க்குள் வாங்குகிறவருக்கு மட்டும் என்று வேலி போட்டார்கள். 1987 மே மாதம் முதல் அந்த வேலி போயிற்று. 1994இல் உச்ச நீதிமன்றம், ரெப் பொதுச் சட்டத்தில் தொழிலாளி அல்ல, ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அவருக்குத் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாக்கியது. 2011இல் ஆபரேஷன் கருவி, செயற்கை உறுப்பு, நோயறியும் பொருள், கம்ப்யூட்டர், மின்சாதனம் விற்கிறவர்களுக்கும் அந்தச் சட்டம் விரிந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1976ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றில் அடங்கிப்போயிற்று. வேலைநிறுத்தம் என்றால் எந்தத் தொழிலானாலும் பதினாலு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது போன்ற விதிகளை நாம் எதிர்க்கிறோம். அதற்காக அதில் நமக்கு உதவுகிற வரியை வாசிக்காமல் விடக் கூடாது. படியும் கமிஷனும் போன்றவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கருதப்படும் என்கிறது அது. மேலே சொன்ன இளையவன் கணக்கில் இருபத்தோராயிரத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆறாயிரம் சம்பளத்தில் சேர்ந்து, அவனுடைய ஒன்பதாயிரம் பதினைந்தாயிரம் ஆகும். எல்லா ஊழியருக்கும் வேலை நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் இது பயன்படும்.

கேட்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் லைனிலேயே ஒரு தம்பி சாட்சி. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். நாலு வருஷம் இரண்டு மாதம் வேலை செய்தான். மாதக் கடைசியில் டார்கெட்டை எட்ட, மேனேஜர் சொன்னபடி ஸ்டாக்கிஸ்டிடம் தேவைக்கு மேல் சரக்கை இறக்கினான். இன்சென்டிவும் வந்தது. அதை நம்பித் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கினான். ஆறு மாதத்தில் சரக்கு திரும்பி வந்தது. கொடுத்த இன்சென்டிவைப் பிடித்தார்கள். சரக்கை இறக்கச் சொன்ன மேனேஜர், இப்போது நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போகும்போது நல்ல சர்டிபிகேட் கிடைக்காது என்றார். பயந்துபோய் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் நம்மிடம் வந்தான்.

அவனுடைய காகிதங்களை நாம் விரித்துப் பார்த்தோம். பதவிப் பெயர் 'ஏரியா எக்ஸிகியூட்டிவ்' என்றிருந்தது. அவனுக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. பெயர் பெரிதாக இருந்தால் சட்டம் தொடாது என்று அவனை நம்பவைத்திருந்தார்கள். செய்கிற வேலையைத்தான் கோர்ட் பார்க்கும், பெயரை அல்ல. ஆனால் தன் கையால் எழுதிய ராஜினாமா முன்னால் நின்றது. ஐந்து வருஷம் முடியாததால் கிராஜுவிட்டியும் இல்லை. பிராவிடண்ட் ஃபண்டு மட்டும் வாங்கிக் கொடுத்தோம். இன்றும் அவன் தாயார் அந்தக் கடனுக்கு வட்டி கட்டிவருகிறார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அந்த ராஜினாமாவை எழுதவிட்டிருக்க மாட்டோம். ஒரு வருஷம் முன்னால் நாம் அவனைத் தேடிப் போயிருந்தால் அவன் தயங்காமல் வந்திருப்பான். அது நம் மனத்தில் முள்ளாகவே இருக்கிறது.

ஆகவே சில காரியங்களைச் செய்வோம். வேலையில் சேரும் பிள்ளை நியமனக் கடிதம் இல்லாமல் பையைத் தூக்கக் கூடாது. அதில் அடிப்படை எவ்வளவு, கமிஷன் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்குத் திரும்பப் பிடிப்பார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டுச் செலவும் கடன் தவணையும் நிலையான சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். இன்சென்டிவ் வந்தால் அது சேமிப்பு. தேவைக்கு மேல் சரக்கு இறக்கச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிக்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. எவ்வளவு மிரட்டினாலும் ராஜினாமாவில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு இரவு பொறுத்து, சங்க வாசலுக்கு வாருங்கள். ரெப்புகளுக்கென்று அகில இந்திய அளவில் சங்கம் இருக்கிறது. அதில் சேருங்கள், மராத்திக்காரன், வங்காளி, மலையாளி என்று பார்க்காமல் தோளோடு தோள் நில்லுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஐந்து மணிக்கு நம் சங்க அறை திறந்திருக்கும். சம்பளச் சீட்டை எடுத்துவந்து மேஜைமேல் வையுங்கள். பத்துப் பேர் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே என்று தானே தெரியும். நம் சம்பளம் ஊரறிந்த சம்பளமானதால்தான் நாம் ஒன்றாக நின்று கேட்க முடிந்தது. நம் பிள்ளைகளின் சம்பளமும் ஊரறிய வேண்டும்.