தோற்றுத் திரும்பியவர்கள்: 1911ஆம் ஆண்டுக் கிரிக்கெட் பயணம்



உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. கோப்பை வென்ற கதை எதையாவது சொல்வேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தோல்வியின் கதை. அதுவும் ஓர் ஆட்டத்தில் தோற்ற கதையாக இல்லாமல், மூன்று மாதம் ஊர் ஊராகப் போய்த் தோற்ற ஓர் அணியின் கதை. இந்த நாட்டில் விளையாட்டைப் பற்றிப் பேசும் எவரும் அந்த அணியை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1911ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கால்பந்து அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். முதல் கோலை சிப்தாஸ் பாதுரியும் வெற்றி கோலை அபிலாஷ் கோஷும் அடித்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தை நம் பிள்ளைகள் தோற்கடித்தார்கள் என்று நாடே கொண்டாடியது. இன்றைக்கும் மோகன் பகான்காரர்கள் ஜூலை 29ஐ விழா நாளாக வைத்திருக்கிறார்கள். கொண்டாட வேண்டிய நாள்தான்.

அதே ஜூலையில், கடல் தாண்டி இங்கிலாந்தில் இன்னொரு இந்திய அணி ஆடிக்கொண்டிருந்தது. முதல் அகில இந்தியக் கிரிக்கெட் அணி. அந்தக் கோடையில் 23 ஆட்டங்கள் ஆடி ஆறில் வென்றது, 15இல் தோற்றது, இரண்டு ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. முதல் தர ஆட்டங்களை மட்டும் எடுத்தால் கணக்கு இன்னும் மோசம்: 14இல் இரண்டே வெற்றி, பத்துத் தோல்வி. இவர்களுக்கென்று விழா நாள் எதுவும் கிடையாது.

இவர்களுக்கு முன்னால் பம்பாய்ப் பார்சிகள் 1886இலும் 1888இலும் இங்கிலாந்துக்குப் போயிருந்தார்கள். முதல் தடவை 28 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றார்கள், 19இல் தோற்றார்கள். இரண்டே வருடம் கழித்துப் போனபோது 31இல் எட்டு வெற்றி. 1890இல் பம்பாய்க்கு வந்த வெர்னனின் ஆங்கில அணியையே வென்றுவிட்டார்கள். தோற்ற பருவத்துக்குப் பிறகு மறுபடியும் ஆட வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் நாட்டில் இல்லை. அகில இந்திய அணிக்கு அந்த மறு வாய்ப்புக் கிடைக்க இருபத்தோரு வருடம் ஆயிற்று.

அந்த அணி எப்படிச் சேர்க்கப்பட்டது என்று பார்த்தால், தோல்வியில் பாதி கப்பல் ஏறுவதற்கு முன்பே நடந்துவிட்டது தெரியும். இந்திய அணி ஒன்றை அனுப்பும் யோசனை பல வருடங்களாகவே இருந்தது. பார்சிகளில் எத்தனை பேர், இந்துக்களில் எத்தனை பேர், முஸ்லிம்களில் எத்தனை பேர் என்ற பங்குச் சண்டையில் அது திரும்பத் திரும்ப முறிந்தது. 1911இல் ஒருவழியாகக் கூடிவந்தபோதும் தேர்வு அந்தக் கணக்கில்தான் நடந்தது: பார்சிகள் ஆறு பேர், இந்துக்கள் ஐந்து பேர், முஸ்லிம்கள் மூன்று பேர். முஸ்லிம் ஆட்டக்காரர்கள் அலிகர் கல்லூரி மைதானத்தில் வளர்ந்தவர்கள். தென்னாட்டிலிருந்து விக்கெட் காப்பாளர் சேஷாச்சாரியும், பேட்டிங்குக்குப் பெங்களூர் ஜெயராமும் போனார்கள். ஊர் உலகம் அறிந்த ஆட்டக்காரரான ரஞ்சித்சிங்ஜி இந்த முயற்சிக்குக் கைகொடுக்கவில்லை.

தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. நன்றாக மட்டை பிடிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் அந்த வருடம் ஜூன் 22ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா. மகாராஜாவுக்கு விருந்துகளும் சந்திப்புகளும் வரிசையாக இருந்தன. சில ஆட்டங்களோடு அவர் ஒதுங்கிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அணியின் சிறந்த பேட்ஸ்மேன் கேகி மிஸ்திரி மகாராஜாவிடம் வேலை பார்த்தவர். எஜமான் போன இடத்துக்கு அவரும் போக வேண்டியிருந்தது. ஒரு மனிதர் விலகியதில் அணிக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். பம்பாய் மருத்துவர் ஹோர்மஸ்ஜி காங்கா மீதிப் பேரை வைத்துக்கொண்டு அணியை நடத்தினார்.

வாரத்துக்கு இரண்டு ஆட்டம். ஓர் ஆட்டம் முடிந்த இரவே ரயில், மறுநாள் காலை அடுத்த ஊர் மைதானம். பாய் போட்டு உருட்டிய ஆடுகளத்தில் ஆடிப் பழகியவர்கள் புல் தரையில் ஆட வேண்டும். போதாக்குறைக்கு 1911 கோடை இங்கிலாந்தில் பெயர்போன வெயில் கோடை. ஆடுகளங்கள் காய்ந்து இறுகி, பேட்ஸ்மேன்களுக்கு வாய்ப்பாக அமைந்தன. மழை ஈரத்தில் பந்து திரும்பும் என்று எதிர்பார்த்துப் போன சுழற்பந்து வீச்சாளர் அங்கே என்ன செய்ய முடியும்?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய உரையின் மையம். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

பாலு தார்வாரில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பம். சிறுவயதில் புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் மாதம் மூன்று ரூபாய்க்கு வேலை பார்த்தார். பிறகு ஐரோப்பியர்களின் கிளப்பில் வலை கட்டுவது, ஆடுகளம் உருட்டுவது, கோடு போடுவது. கிளப் உறுப்பினர்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து வீசச் சொல்வார்கள். கிரெய்க் என்ற பேர்போன பேட்ஸ்மேனுக்கு மணிக்கணக்காக வீசினார். இடக்கைச் சுழற்பந்து அவர் கையில் அப்படித்தான் படிந்தது. அந்தக் கிளப்பில் பேட்டிங் செய்யும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்ற ஆசை புனே இந்துக்களுக்கு வந்தபோது இவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடந்தது. சேர்த்தார்கள். மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில். சற்று முன் அவர் எடுத்துக் கொடுத்த விக்கெட்டுக்குக் கைதட்டியவர்கள்தான் அந்தக் குவளையை நீட்டினார்கள். நம் ஊர் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்த தலைமுறை இந்த அவையிலும் இருக்கிறது. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பாலு அந்தக் கோடை முழுக்க வீசினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 103 ரன்கள் கொடுத்து எட்டு விக்கெட். அணி தோற்றது. லங்காஷயருக்கு எதிராக ஏழு விக்கெட். அணி தோற்றது. ஜூலை நடுவில் லெஸ்டரில் காங்கா 163 ரன்கள் குவிக்க, பாலு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட் எடுக்க, இந்தியர்கள் ஏழு விக்கெட் வித்தியாசத்தில் லெஸ்டர்ஷயரை வென்றார்கள். அதே மாதம் டான்டனில் சோமர்செட்டோடு நடந்த ஆட்டம் கடைசி விக்கெட் வரை இழுத்துப்போய், ஒரு விக்கெட்டில் வெற்றி. அங்கே சதம் அடித்துக் கடைசி வரை நின்றவர் பாலுவின் தம்பி சிவராம். இந்த வெற்றியும் மோகன் பகானின் வெற்றியும் ஒரே ஜூலையில் நடந்தவை என்பதை எத்தனை வரலாற்று நூல்கள் சேர்த்துச் சொல்கின்றன?

பயணம் முடிந்தபோது பாலுவின் கணக்கில் 114 விக்கெட்டுகள். அதில் முதல் தர ஆட்டங்களில் மட்டும் 75, விக்கெட்டுக்குச் சராசரி 20 ரன்கள். பிள்ளைகளே, தோற்ற அணியில் பந்து வீசுவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். அணி குறைந்த ரன்களில் சுருண்டுவிடும். எதிரணி நிதானமாக, அவசரமே இல்லாமல் ஆடும். இரண்டாவது இன்னிங்ஸில் எதிரணிக்குத் தேவை சொற்ப ரன்கள் என்றால் வீச்சாளருக்கு விக்கெட் எடுக்க நேரமே இருக்காது. பல ஆட்டங்களில் இரண்டாவது முறை வீசவே தேவையிருக்காது. ஜெயிக்கிற அணியின் வீச்சாளருக்குக் கிடைக்கும் ஓவர்கள் அவருக்குக் கிடைப்பதில்லை. இவ்வளவு நெருக்கடிக்குள் நூற்றுப் பதினான்கு. இந்த மலைக்குக் கீழே, நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து இன்னொரு இடக்கை வீச்சாளர் நடராஜன் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அவருக்குத் திறந்த கதவைத் தட்டத் தொடங்கியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் பாலு என்பேன்.

ஆட்டத்தின் முடிவை எழுதும்போது வெற்றி, தோல்வி என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். பதினொரு பேர் சேர்ந்து தோற்றார்கள் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிறோம். 1911இல் தோற்றது யார்? பங்குக் கணக்குப் போட்ட குழு தோற்றது. தலைமையை அரண்மனையிலிருந்து எடுத்துக் கொடுத்த வழக்கம் தோற்றது. பாலு தோற்கவில்லை என்று எண்களே சொல்கின்றன. இருந்தும் அணியோடு சேர்ந்து அவரையும் மறந்தோம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஊர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு விழா எடுத்தார்கள். சாதி இந்துக்களின் கிரிக்கெட் நிர்வாகம் அவரைத் தலைவராக்கியதா என்றால், இல்லை. இந்துக்கள் அணியின் தலைமைக்குத் தகுதியில் அவரை மிஞ்சியவர் கிடையாது. வருடா வருடம் தள்ளிவிட்டார்கள். 1920இல் தலைமை மறுபடியும் கைநழுவியபோது பல்வங்கர் சகோதரர்கள் வெளிப்படையாக எதிர்த்து விலகினார்கள். அதன் பிறகே பாலு துணைத்தலைவராக ஏற்கப்பட்டார். கடைசியில் 1923இல் இன்னொரு தம்பி விட்டல் தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். நான்கு சகோதரர்கள் ஆடிய குடும்பம் அது.

பாலுவின் பெயர் தமிழ்நாட்டோடு சேரும் இடம் ஒன்று உண்டு. 1932 செப்டம்பரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுப்பதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, சென்னையின் எம்.சி. ராஜாவும் பாலுவும் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்து நின்றார்கள். இருவரும் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். 1937 தேர்தலில் பாலு பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நின்று, 11,225 வாக்குகள் பெற்று, சுமார் இரண்டாயிரம் வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தலில் சரி எது, தவறு எது என்பதில் நான் அம்பேத்கரின் பக்கம். ஆனால் மாதம் மூன்று ரூபாய்க்கு மைதானம் கூட்டிய பையன் ஒரு நாள் அம்பேத்கருக்கு எதிரே நின்று பதினோராயிரம் வாக்கு வாங்கினான் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

1932க்கு வருவோம். இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டம் அந்த வருடம் ஜூன் 25 அன்று லார்ட்ஸில் தொடங்கியது. அந்தப் பயணத்துக்கும் தலைவர் ஒரு மகாராஜாதான், போர்பந்தர் அரசர். ஆனால் தன் ஆட்டத்தின் அளவு தெரிந்தவர் அவர். டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டார், சி.கே. நாயுடு அணியை வழிநடத்தினார். இந்தியா 158 ரன்களில் தோற்றது. ஆனால் முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்தின் முதல் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்த அந்தக் காலை, 1911இன் தோல்விகளைப் போன்ற தோல்வி இல்லை இது என்று காட்டிவிட்டது. தலைவர் களத்தில் நின்று ஆடினார் என்பதே பெரிய வித்தியாசம். 1936இல் விஜயநகரம் மகாராஜ்குமாரைத் தலைவராக்கி அதையும் கெடுத்துக்கொண்டோம். சிறப்பாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத் பாதிப் பயணத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டார். 1911இன் கணக்கை யாராவது உட்கார்ந்து படித்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம்.

இந்த மலைக்கு விளையாட்டு புதிதில்லை. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. அங்கே படித்த ரோஜர் பின்னி 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்து மற்ற எல்லோரையும் முந்தினார். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போய், அரை நாள் ஆடித் தோற்று, கடைசிப் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறிய அணிகள் இங்கே எத்தனையோ உண்டு. அவர்களுடைய ஸ்கோர் புத்தகங்கள் பள்ளி அலமாரிகளில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. கோப்பை வாங்கிய வருடத்துப் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். மஞ்சக்குட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் பள்ளிகளிலிருந்து பழைய ஸ்கோர் புத்தகங்களைத் திரட்டி, படியெடுத்து, ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அந்த வேலையைச் செய்வார்கள். தோற்ற ஆட்டங்களின் பக்கங்களில் யார் அதிக ஓவர் வீசினார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களைக் குறித்து, அவர்களில் உயிரோடிருப்பவர்களை அடுத்த வருடம் இந்த மேடைக்கு அழையுங்கள். அவர்கள் பேசட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.