எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் பிளாக்கில் ஓர் அம்மாவுக்கு முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். கதிர்வீச்சு பட்டுவிடுமே என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். உங்களிலும் சிலருக்கு அந்தப் பயம் இருக்கும்.

இதில் எக்ஸ்ரே கிடையாது. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் அவை மெல்லிய சிக்னல் தரும். அதைத்தான் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. ஓடும் நீரில் இந்தச் சிக்னல் மாறுவதை 1951-லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் கண்டு எழுதினார். ஊசிமருந்து போடாமலே ரத்தக்குழாயைப் படமெடுக்க இன்று உதவுவது அந்த விளைவுதான். பக்கத்து ஊர்க்காரர் வேலை, நமக்குத்தான் தெரியவில்லை!

பயப்படவேண்டியது காந்தத்துக்கு. 1.5 டெஸ்லா கருவி என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் முடிந்தாலும் அது அணையாது. 2018-ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன நோயாளியின் உறவினர் உயிரிழந்தார்.

பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி, வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத்தூள், எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். கொண்டை ஊசி, சாவி, தாயத்து, செல்போன் எல்லாம் வெளியே. துணைக்குப் போகிறவருக்கும் இதேதான்.

சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பு கேட்டு வாங்குங்கள். அந்த அம்மா போன வாரம் எடுத்துவிட்டார்.