தங்கவயலில் பாலும் மோரும்



பட்டு, பால், பொன் ஆகிய மூன்றுக்கும் பெயர் பெற்றது கோலார் மாவட்டம். இவற்றுள் பொன் ஓய்ந்துவிட்டது. 1972-இல் அமைக்கப்பட்ட பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடும்பங்கள், நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் வேலை தேடும் நிலைக்கு வந்தன. பால்வளமோ கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நிலைத்து நிற்கிறது. ஆனால் கறக்கும் பாலின் அளவைக் கணக்கிடும் அக்கறை, பருகிய பால் செரிக்கிறதா என்பதில் காட்டப்படுவதில்லை.

பாலும் குடலும்

பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ் எனப்படும். சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்து உடலில் சேர்க்கிறது. தாய்ப்பால் பருவத்தில் மிகுந்திருக்கும் இந்நொதி, பின்னர் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. வயிற்று உப்புசம், இரைச்சல், பேதி ஆகியவை இதனால் விளைகின்றன. இது பால் ஒவ்வாமையினின்று வேறானது.

1981-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, சோதிக்கப்பட்ட வட இந்தியருள் 27.4 சதவீதத்தினருக்கும் தென்னிந்தியருள் 66.6 சதவீதத்தினருக்கும் இக்குறை இருப்பதைக் கண்டது. எனவே தென்னாட்டில் இது நோயன்று. பெரும்பான்மையோரின் உடலியல்பே ஆகும்.

உண்ணும் முறை

இதனால் பாலுணவை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. குறையுள்ளவரிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது சுமார் 250 மில்லி லிட்டர் பாலிலுள்ள லாக்டோஸைத் தாங்குவர். வெறும் வயிற்றில் பருகுவதைவிட உணவோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொள்வது நலம். தயிராகும்போது சர்க்கரையின் ஒரு பகுதி அமிலமாக மாறுகிறது; தயிரின் உயிருள்ள நுண்ணுயிர்கள் எஞ்சியது செரிக்கவும் துணைபுரிகின்றன. நீர் பெருக்கிய மோரில் சர்க்கரை இன்னும் குறைவு. ஆயினும் நீர் பெருகப் பெருகச் சத்தும் குறையும் என்பதை மறத்தலாகாது.

கோலார் மண்ணில் விளையும் கேழ்வரகு இங்குப் பெருந்துணையாகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகுக் கூழில் மோர் கலந்து உண்ணும் வழக்கம் பொருளாதார நோக்கிலும் உடல்நல நோக்கிலும் பொருத்தமானதே.

திட்டமிடுவோர் கடமை

2013-இல் கர்நாடக அரசு க்ஷீர பாக்கியத் திட்டத்தின் வாயிலாகப் பள்ளிச் சிறாருக்குப் பால் வழங்கத் தொடங்கியது. வளர்ந்தோருக்கான உணவுக்கூடங்களில் பாலுக்கு மாற்றாகத் தயிரும் மோரும் கிடைக்கச் செய்வது அடுத்த படியாகும். வருவாய் குறைந்த குடும்பம், வயிற்று உபாதைக்கு அஞ்சிப் பாலுணவை அறவே நீக்கினால், எளிதில் கிடைக்கும் புரதத்தை இழக்கிறது. அதே வேளையில், மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, நீடித்த பேதி ஆகியவற்றைப் பாலின்மீது பழி சுமத்தி விட்டுவிடலாகாது. மருத்துவரை நாடச் சுகாதாரப் பணியாளர் அறிவுறுத்த வேண்டும்.

கொள்முதலான லிட்டர் கணக்கோடு, உண்டவர் உடலில் சேர்ந்த ஊட்டத்தையும் கணக்கில் கொள்ளும்போதுதான் பால்வளத் திட்டம் முழுமை பெறும்.