சங்கத்தின் வாயிலும் அரசின் வாயிலும்

(கல்முனையில் நிகழ்த்திய உரை)



ஒரு சமூகத்தார்க்கு மட்டுமே உரிய சங்கம் மக்களைச் சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? விடை தேடி நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை.

1942-ஆம் ஆண்டு, போர்க்காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்குதற்கென இக்கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர். சைவர் எழுப்பிய கல்லூரி அவருக்குக் கதவடைக்கவில்லை. இங்கே வயல் விளைந்தும் கல்வி விளையாமை கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் அவர் முயற்சியால் எழுந்தது.

பெயரளவில் இவை ஒரு சமூகத்துக்குரியன. ஆயினும், பின்தங்கி நின்ற ஏழை மாணவனைப் பொதுவான பல்கலைக்கழகத்தின் வாயிலிற் கொண்டு சேர்ப்பதே இவற்றின் நோக்கம். அவர் 1948 முதல் 1961 வரை அதிபராயிருந்த கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் மாணவருள் ஒருவரே கரவெட்டிக் கார்த்திகேசு சிவத்தம்பி. இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிமுக்கு அளித்ததனை முஸ்லிம் கல்லூரி ஒரு தமிழருக்குத் திருப்பித் தந்தது!

நம் தாய்வழிக் குடிமுறையை நோக்குங்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அது உண்டு. குடிக்கு எல்லை உண்டு. எனினும் தன் குடிக்குள் மணமுடித்தல் மரபாகாது. பெண் கொள்ள அடுத்த குடியின் வாயிலையே நாடவேண்டும். எல்லையே உறவுக்கு வழியாயிற்று.

ஆனால், சங்கம் தன் பணத்தைத் தன்னவர்க்கு வழங்குவது வேறு. அரசின் அலுவலகமும் காணியும் வாய்க்கால் நீரும் வேறு. இவை எல்லோருடைய வரிப்பணத்தால் நடப்பவை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது; எதிர்ப்பும் எழுந்தது. ஆட்சியில் தமக்கு இடமில்லை என்பது தமிழர் அச்சம். நகரும் நிலமும் கைநழுவும் என்பது முஸ்லிம்கள் அச்சம். இரண்டையும் பொய்யென்று தள்ளலாகாது. எனினும் எல்லை எங்கு இடப்படினும், மனுவோடு வருபவனின் பெயரைக் கேட்டு நாற்காலி தரும் அலுவலகம் அரசின் அலுவலகமாகாது.

ஆதலின், எல்லை வரைவோர் கொழும்பிலிருந்து வருமுன், ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இரு சமூக விவசாயிகளும் ஒரே பாயில் அமர்ந்து பேசுக! எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதனை அங்கே வாழ்வோரே முதலிற் கூறட்டும். சங்கங்கள் இருக்கட்டும், அவற்றின் தலைவர்கள் அப்பாய்க்கு வரட்டும்.