எத்தனை இடம்னு கேக்காதீங்க, எத்தனை மணி நேரம்னு கேளுங்க

மணவூர்லேர்ந்து பேசறேன். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் சேர்த்துக் குழுவாப் போயிட்டு வர்றதைப் பத்திப் பேசினதுலேர்ந்து நிறைய பேர் எழுதியிருக்கீங்க. திருவாலங்காடு, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர்லேர்ந்துகூட எழுதியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா முக்கால்வாசிப் பேர் கேட்டது ரெண்டே கேள்வி. எவ்வளவு ஆகும்? எத்தனை இடம் காட்டுவாங்க?

போன தடவையே சொன்னேன், மறுபடியும் சொல்றேன். எத்தனை இடம்னு கேக்காதீங்க. ஒவ்வொரு இடத்துலயும் பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனை மணி நேரம் இருப்போம்னு கேளுங்க.

திருத்தணியிலேர்ந்து ஒரு அண்ணா ஒரு டூர் நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். ஒன்பது நாள், ரெண்டு நாடு, இருபத்தெட்டு இடம். "நல்லா இருக்கு இல்ல?"ன்னு கேக்கறார். அண்ணா, உக்காந்து கணக்குப் போடுங்க. நம்ம பக்கத்துக் குழுக்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக்னு எங்கயாவது இறங்கி மாறித்தான் போறாங்க. போக ஒரு நாள், வர ஒரு நாள் போச்சு. கொரியாவுலேர்ந்து ஜப்பானுக்கு மாற இன்னொரு நாள். மிச்சம் ஆறு நாள். அந்த ஆறு நாள்ல இருபத்தெட்டு இடம்னா, கூட்டத்தை எண்ணி இறக்கி, எண்ணி ஏத்தறதுக்கே நேரம் சரியாப் போயிடும். அந்த நோட்டீஸ்லயே எட்டு இடத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல "வெளியிலிருந்து பார்வை"ன்னு போட்டிருக்கு. பஸ் வேகத்தைக் குறைக்கும், நீங்க கண்ணாடி வழியாப் பார்க்கலாம், அவ்வளவுதான். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கண்ணாடி வழியாப் பார்க்கறதுக்கா போறோம்?

டோக்கியோவுலேர்ந்து கியோட்டோவுக்கு எதுல கூட்டிட்டுப் போவாங்கன்னும் கேளுங்க. ஷின்கான்சென் ரயில்ல ரெண்டே கால் மணி நேரம். பஸ்ல அரை நாளுக்கும் மேல போயிடும். சில திட்டங்கள்ல "புல்லட் ரயில் அனுபவம்"னு போட்டு ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம் ஏத்தி இறக்கிட்டு, மீதி வழி முழுக்க பஸ்லயே ஓட்டுவாங்க.

கிழமையையும் பாருங்க. சியோல்ல கியோங்போக்குங் அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சாங்தியோக்குங் அரண்மனைக்குத் திங்கட்கிழமை. உங்க திட்டத்துல செவ்வாய்க்கிழமை கியோங்போக்குங்னு போட்டிருந்தா, எழுதினவர் காலண்டரையே பார்க்கலைன்னு அர்த்தம். பாப்பாவுக்கு ஹான்போக்குங்கற கொரிய உடையைப் போட்டு போட்டோ எடுக்கணும்னு கேட்ட அம்மாவுக்கு: ஹான்போக் போட்டுட்டுப் போனா கியோங்போக்குங்குக்கு டிக்கெட்டே வாங்க வேண்டாம். வாடகைக் கடைகள் வாசல்லயே வரிசையா இருக்கு. ஆனா உடையை மாத்தி, தலை பின்னி வெளிய வர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். குழுவுக்கு அங்கே முக்கால் மணி நேரம்தான் குடுத்திருந்தா என்ன பண்ணுவீங்க? அதுக்குத்தான் மணி நேரத்தைக் கேளுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

அந்த அரண்மனை வாசல்ல நிக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். 1395ல கட்டினது. 1592ல ஜப்பான் படையெடுத்து வந்தப்போ எரிஞ்சு போச்சு. அப்புறம் இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேல அப்படியே கிடந்து, 1860கள்ல திரும்பக் கட்டினாங்க. 1910லேர்ந்து 1945 வரைக்கும் கொரியா ஜப்பான் பிடியில இருந்துச்சு. அப்போ கட்டடங்கள்ல பெரும்பாலானதைப் பிடுங்கிட்டு, அரண்மனைக்கு முன்னாடியே தங்களோட ஆட்சித் தலைமையகத்தைக் கல்லால கட்டி, பார்வையையே மறைச்சாங்க. 1926ல முடிஞ்ச அந்தக் கட்டடத்தை 1995ஆம் வருஷம் ஆகஸ்ட் 15ஆம் தேதி இடிக்க ஆரம்பிச்சாங்க. கொரியாவுக்கும் அதுதான் விடுதலை நாள். இன்னைக்கு நாம பார்க்கற பல மண்டபங்கள் அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா எழுப்பினது.

இதை ஏன் இவ்வளவு விரிவாச் சொல்றேன்னா, ரெண்டு நாட்டையும் ஒரே மூச்சுல பார்க்கப் போறவங்களுக்கு இது தெரியலைன்னா அங்கே பாதி புரியாது. கொரிய வழிகாட்டி முன்னாடி நின்னு "ஜப்பான் இதைவிட சுத்தமா இருக்குமாமே"ன்னு சத்தமாப் பேசற நம்மாட்களைப் பார்த்திருக்கேன். வேண்டாம்ங்க. அவங்க தாத்தா பாட்டி காலத்துக் காயம் அது. ஹிரோஷிமா போனாலும் இதே கதைதான். அமைதிப் பூங்காவுல, அணுகுண்டுல செத்துப்போன கொரியர்களுக்குன்னு ஒரு நினைவுத்தூண் இருக்கு. முதல்ல பூங்காவுக்கு வெளியே இருந்ததை 1999ல உள்ளே கொண்டு வந்தாங்க. பல குழுக்கள் ஹிரோஷிமாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கறாங்க. அருங்காட்சியகத்துக்கு மட்டுமே ரெண்டு மணி நேரம் வேணும். அங்கே ஒரு குழந்தையோட கருகிப்போன மூணு சக்கர சைக்கிள் இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னுட்டு உடனே ஓடிவந்து பஸ் ஏற முடியாது.

அடுத்தது விசா. இதுல நகரி அண்ணா ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி. "ஜப்பான்ல இறங்கி, கொரியா போயிட்டு, திரும்ப ஜப்பான் வழியா வரலாமா?" ஒரு தடவை நுழையற விசாதான் இருக்குன்னா வர முடியாது. ஜப்பானை விட்டுக் கிளம்பின அன்னைக்கே அந்த விசா முடிஞ்சுபோச்சு. அதனால திட்டம் ஒரே திசையில போகணும். சியோல்ல இறங்கி, கியோங்ஜு, புசான். அங்கிருந்து ஜப்பானுக்குத் தாண்டி, ஹிரோஷிமா, கியோட்டோ, கடைசியா டோக்கியோவுல விமானம் ஏறணும். புசான்லேர்ந்து ஃபுகுவோகாவுக்குக் கப்பல்கூட இருக்கு. இன்னொண்ணு, ஜப்பானோட ஒரு தடவை நுழையற விசா, குடுத்த நாள்லேர்ந்து மூணு மாசம்தான் செல்லும். அவசரப்பட்டு ரொம்ப முன்னாடியே போடவும் வேண்டாம், கடைசி வாரம் வரைக்கும் இழுக்கவும் வேண்டாம். "விசா கேரண்டி"ன்னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க. விசா குடுக்கறது அந்தந்த நாட்டு அரசாங்கம். கிடைக்கலைன்னா எவ்வளவு பணம் திரும்ப வரும்னு எழுத்துல வாங்குங்க.

நிறைய பேர் கேட்டது, "கொரியாவோட பழைய ராணி நம்ம தமிழ்ப் பொண்ணுதானே, அவங்க சமாதியைப் பார்க்க முடியுமா?" பார்க்கலாம். புசானுக்குப் பக்கத்துல கிம்ஹேன்னு ஒரு ஊர். புசான் விமான நிலையத்துக்கே அந்தப் பேர்தான். அங்கே ராணி ஹியோ ஹ்வாங் ஓக் சமாதி இருக்கு. அவங்க கப்பல்ல கொண்டு வந்ததாச் சொல்ற கல் கோபுரமும் பக்கத்துலயே இருக்கு. அயுதாங்கற நாட்டுலேர்ந்து கி.பி. 48ல வந்து சூரோ ராஜாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு சாம்குக் யூசாங்கற நூல் சொல்லுது. அது பதிமூணாம் நூற்றாண்டுல ஒரு பிக்கு எழுதினது. அயுதா எதுங்கறதுலதான் சண்டை. அயோத்தின்னு ஒரு கட்சி, சரயு கரையில நினைவிடமே கட்டியாச்சு. குமரிப் பக்கத்து ஆய் நாடுன்னு நம்ம பக்கத்துல ஒரு கட்சி. ரெண்டுக்கும் உறுதியான சான்று இல்ல. ஆனா கிம்ஹே கிம் வம்சத்தார் இன்னைக்கும் அவங்களைத் தங்களோட மூதாதைன்னு கும்பிடறாங்க. அதுல சந்தேகமே இல்ல. பெரும்பாலான திட்டத்துல கிம்ஹே இருக்காது. நாலஞ்சு பேர் சேர்ந்து கேட்டா சேர்ப்பாங்க, புசான்லேர்ந்து கூப்பிடு தூரம்தான்.

இப்போ நம்ம முருகர் விஷயம். இதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது.

கியோட்டோவுலேர்ந்து நாராவுக்குப் போகாத குழுவே கிடையாது. நடுவுல ஊஜின்னு ஒரு ஊர், தேயிலைக்குப் பேர் போனது. அங்கே மான்புகுஜின்னு ஒரு ஜென் கோயில், 1661ல சீனாவுலேர்ந்து வந்த துறவி இங்கென் கட்டினது. நுழைஞ்சதும் முதல் மண்டபத்துல தொந்தியும் சிரிப்புமா ஹோதெய் உக்காந்திருப்பார். பஸ்ல வந்தவங்க அவரைப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. திரும்பாதீங்க. சுத்தி அவருக்குப் பின்பக்கம் போங்க. அங்கே கவசம் போட்ட ஒரு இளம் வீரர், பிரதான சந்நிதியைப் பார்த்தபடி நிப்பார். இதாதென்னு சொல்றாங்க. ஸ்கந்தன்தான் பௌத்தத்தோட சேர்ந்து சீனா வழியா அங்கே போய், மடங்களுக்கும் அதோட அடுக்களைக்கும் காவல் தெய்வமா ஆகியிருக்கார். எங்க குழுவுல கிருத்திகை தவறாம மலை ஏறற ஒரு பெரியம்மா இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே கன்னத்துல போட்டுக்கிட்டு, "இங்கயும் வந்து நிக்கறியாப்பா"ன்னு அழுதாங்க. வழிகாட்டி ஜப்பானியப் பொண்ணு. எதுக்கு அழறாங்கன்னு எங்கிட்ட கேட்டா. நான் சொன்னதும் அவளும் கை கூப்பினா. அந்தக் கோயில்ல நாங்க இருந்தது நோட்டீஸ்ல எழுதாத நேரம். கடைத்தெருவுக்கு ஒதுக்கினதை வெட்டிக் கேட்டு வாங்கினது.

டோக்கியோவுலயும் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அசாகுசாவுல சென்சோஜி கோயிலுக்குப் போவாங்க. அங்கிருந்து சுமிதா ஆத்தங்கரைப் பக்கமா கொஞ்சம் நடந்தா மாட்சுச்சியாமா ஷோடென். நம்ம பிள்ளையார்தான் அங்கே காங்கிடென். மூலவர் யார் கண்ணுக்கும் காட்டாம மறைவாவே இருப்பார். வெள்ளை முள்ளங்கிதான் படையல், கோயில்லயே கிடைக்கும். பெரிய குழு அங்கே போகாது. சென்சோஜியில ரெண்டு மணி நேரம் குடுத்திருந்தா நீங்களே நடந்து போயிட்டு வந்துடலாம். அரை மணி நேரம்தான்னா முடியாது.

சாப்பாடு. சைவக்காரங்க பயப்படறது நியாயம். ஜப்பான்ல காய்கறி சூப்னு நினைச்சுக் குடிக்கறதுல மீன் சாறு இருக்கும். கிம்ச்சியிலயும் பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாறோ போடுவாங்க. அதுக்காக ராத்திரிக்கு ராத்திரி இந்தியன் ரெஸ்டாரன்ட் தேடி ஒரு மணி நேரம் பஸ்ல போறது எனக்குப் பிடிக்கல. அதே சப்பாத்தி, அதே பனீர், அந்த நேரத்துல ஊர் வெளிச்சமெல்லாம் போயிடும். கொரியாவுல பௌத்தக் கோயில் சாப்பாடு முழு சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சியோல்லயே ஜின்குவான்சா கோயில் அதுக்குப் பேர் போனது. மான்புகுஜியில ஃபுச்சா ர்யோரின்னு சைவ விருந்து இருக்கு, முன்பதிவு பண்ணணும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கடையில சாப்பிட்டுப் பாருங்க. ஹுண்டாய் வந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் கடைகள் இருக்கு. நம்ம பசங்க தினம் கம்பெனி பஸ்ல அங்கேதானே போறாங்க. பொடி, தொக்கு எடுத்துக்கோங்க. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கறி ஊறுகாய் எல்லாம் வேண்டாம், பிடுங்கிடுவாங்க.

மருந்து: டாக்டர் சீட்டோட ஒரு மாசத்துக்கு மட்டும். அதுக்கு மேல ஜப்பானுக்குக் கொண்டு போக முன் அனுமதி வேணும். சில சளி, இருமல் மருந்துக்கு அங்கே தடையே இருக்கு. பேரைக் காட்டி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

முட்டி வலிக்காரங்களுக்கு: திருத்தணி 365 படியை ஏறிப் பாருங்க. நடுவுல ரெண்டு தடவை உக்காந்தா பரவாயில்ல. ஏறவே முடியலைன்னா நேரம் குறைவா இருக்கற திட்டம் உங்களுக்கு ஆகாது. கியோட்டோவுல ஃபுஷிமி இனாரி கோயில், கியோங்ஜுவுல புல்குக்சா கோயில் எல்லாமே படிதான். மெதுவா நடக்கறவங்களுக்குத்தான் மணி நேரம் ரொம்ப முக்கியம்.

செர்ரி பூ மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். இலை சிவக்கறது நவம்பர். ஏப்ரல் கடைசியிலேர்ந்து மே 5 வரைக்கும் ஜப்பான்ல தொடர் விடுமுறை, அந்த வாரத்தைத் தவிருங்க. ஃபூஜி மலையைக் காட்டறேன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, மேகம் மறைச்சா மறைச்சதுதான்.

பணத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. வெளிநாட்டு டூருக்கு டிசிஎஸ்னு ஒரு தொகை பிடிப்பாங்க, அது உங்க பான் நம்பர்ல ஏறும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணாத்தான் திரும்ப வரும். பண்ணாம விட்டுடாதீங்க.

கடைசியா, பேர் போட வேண்டாம்னு எழுதின அக்காவுக்கு. வீட்டுக்காரர் தவறிட்டார், பசங்க வெளியூர்ல, தனியா குழுவுல சேர்ந்தா யாராவது ஏதாவது சொல்வாங்களோன்னு கேட்டிருந்தீங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க அக்கா. உங்களை மாதிரி வர்றவங்க ஒவ்வொரு குழுவுலயும் இருக்காங்க. முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி, தனியா வர்ற பெண்கள் வேற யாராவது இருக்காங்களா, அறையைப் பகிர்ந்துக்கலாமா, ஜோடி சேரலைன்னா தனி அறைக்கு எவ்வளவு கூடும்னு கேளுங்க. கூடவே நாள்வாரி நேரப் பட்டியலையும் எழுத்துல வாங்குங்க. வாங்கினதும் எனக்கு அனுப்புங்க, நான் படிச்சுச் சொல்றேன். பாஸ்போர்ட்டை இந்த வாரமே போட்டுடுங்க.