பொறியா பகை?



தானே எழுதும் செய்யறிவுப் பொறி வந்துவிட்டது; இனி எழுத்தாளர் எதற்கு என்று கேட்கின்றனர். இக்கேள்விக்குத் தெருவில் நின்று விடையிறுத்தவர்கள் அமெரிக்கத் திரையெழுத்தாளர்கள். அவர்தம் போராட்டத்தையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

2022 நவம்பர் 30ஆம் நாள் ‘சாட் சிபிடி’ என்னும் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. ஐந்து திங்கள்தாம் கடந்தன. 2023 மே 2ஆம் நாள் அமெரிக்க எழுத்தாளர் கழகத்தினர் ஏறத்தாழ 11,500 பேர் எழுதுகோலைக் கீழே வைத்தனர். ஊதியக் குறைவும் ஆள்குறைப்பும் அவர்தம் பழைய குறைகள். செய்யறிவு புதிதாய்ச் சேர்ந்தது.

அவர்கள் அஞ்சியது எதனை? பொறி தம்மினும் சிறப்பாய் எழுதிவிடும் என்பதனையா? அன்று! திரைக்கதையை முதன்முதல் யாத்துத் தருவோர்க்குக் கூலி மிகுதி. பிறர் எழுதியதைத் திருத்துவோர்க்குக் குறைவு. பொறியைக்கொண்டு அரைகுறையாய் ஒரு வரைவை உருவாக்கி, “இதனைச் சற்றே திருத்திக் கொடு” என்று நீட்டினால் என்னாகும்? உழைப்பு முழுமையும் எழுத்தாளருடையது. கூலியோ திருத்தக் கூலி! வேலை போகாது, வேலையின் மதிப்புப் போய்விடும். பொறி பெயர்த்ததைத் திருத்தித் தரும் மொழிபெயர்ப்பாளர் பலர்க்கும் நேர்ந்திருப்பது இதுவே.

148 நாள்கள் போராடினர். தம் உருவையும் குரலையும் பொறி படியெடுப்பதை எதிர்த்து, சூலை 14 முதல் நடிகர்களும் களம் புகுந்தனர். செப்டம்பரில் எழுத்தாளர்க்கு உடன்படிக்கை கிட்டியது. பொறி எழுதியது படைப்பாகாது. அதனைக் காட்டி எழுத்தாளரின் கூலியையோ பெயருரிமையையோ குறைத்தலாகாது. பொறியைப் பயன்படுத்துமாறு அவரை வற்புறுத்தலாகாது. தரப்படும் வரைவில் பொறியின் எழுத்து இருப்பின் மறையாது அறிவித்தல் வேண்டும். இவை அவ்வுடன்படிக்கையின் கூறுகள்.

பொறியை அவர்கள் உடைக்கவில்லை, தடுக்கவுமில்லை. நிறுவனம் இசைந்தால் எழுத்தாளரே அதனைப் பயன்படுத்தலாம் என்றனர். ஆயினும் ஒரு வழக்குத் தீரவில்லை. மாந்தர் எழுதியவற்றைத் தின்றே பொறி எழுதக் கற்கின்றது. அதற்கு விலை என்ன? அதனைப் பின்னர்க் கேட்கும் உரிமையை மட்டும் விடாது வைத்துக்கொண்டனர்.

தோழர்களே! பொறிக்குப் பசியில்லை, பேரவாவும் இல்லை. பேரவா அதனை ஏவும் கைக்கே உண்டு. அக்கையைத் தடுத்தது தனியொருவர் திறமையன்று. 11,500 பேரின் ஒற்றுமை. எத்தொழிலில் உள்ளோரும் பொறி வாயிலில் வந்து நிற்குமுன் கூடுக! கூலியை எழுத்தில் உறுதிசெய்க!